பாடங் கேட்டலும் பாட்டில் ஈடுபாடும்

கல்வி கற்றலைக் குறிக்க நம் முன்னோர் வழங்கிய தொடர் 'பாடங் கேட்டல்' என்பது. ஆசிரியர் செயலை அவர் 'பாடஞ் சொல்லுதல்' என்றனர். இன்ன புலவரிடம் இன்ன நூலைப் பாடங் கேட்டார் என்று கூறுவதே புலவர் வரலாறுகளில் யாண்டும் காணப்படும் வழக்கு. இவ்விரு தொடர்களிலும் ஏடும் எழுத்தாணியும் பின்னிற்க, வாயும் செவியும் முன்னிற்றல் காண்க. பவணந்தி முனிவரும் தம் நன்னூற் பாயிரத்தில் மாணாக்கன் பாடங் கேட்கும் முறையைக் கூறுமிடத்துச் செவிக்கே தலைமை தருகின்றார். செய்யுள் செவிக்குரிய பொருளாக இருந்த அக்காலத்தில் அஃது இளஞ்சிறார் நெஞ்சில் எவ்வாறு குடிபுகுந்தது, பின்னர் எவ்வாறு அது கண்ணுக்கும் விடைத்தாளுக்கும் உரியதாய் மாறிற்று, இடையில் அதனைச் செவிக்கு மீட்டுத் தந்த பெரியோர் யாவர் என்பனவற்றை ஒருவாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் பிள்ளைகளின் தமிழ்ப்பற்று இதனைச் சார்ந்து நிற்றலின், நம் சங்கத்து அன்பர்களும் தாய்மார்களும் இதனைப் பொறுமையுடன் படித்தருளுமாறு வேண்டுகின்றோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் ஊர்கள்தோறும் கல்விக்கு நிலைக்களமாக இருந்தவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள். விசயதசமியன்று பள்ளியில் அமர்த்தப்பெற்ற சிறுவன் மணலில் விரலால் எழுத்துக்களை வரைந்து பழகுவான். அரிச்சுவடியும் எண்சுவடியும் முடிந்தபின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி என்னும் நீதி நூல்களும், அவற்றின்பின் சதகங்களும் அந்தாதிகளும் நிகண்டும் அவனுக்குப் பாடமாயின. சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, ஏனையோர் ஒருங்கு கூடிப் பின்னே சொல்லுவர். சொற்பொருள் கூறும் நிகண்டும் செய்யுள். இலக்கணங் கூறும் நூற்பாவும் செய்யுள். கணக்குக் கற்பிக்கும் கணக்கதிகாரமுங்கூடச் செய்யுளே. ஆதலின் செய்யுள் என்பது கல்வியின் ஒரு பகுதியாக அன்றிக் கல்வி முழுமையையும் தாங்கி நின்ற கொள்கலமாகவே விளங்கிற்று.

இதற்குத் தக்க காரணம் உண்டு. பனையோலைச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களிற் குறிலும் நெடிலும் வேற்றுமையின்றி எழுதப்படும். அடி முடிந்த இடமும் சீர் முடிந்த இடமும் பிரித்துக் காட்டப்படா. இத்தகைய ஏட்டைக் கண் ஒன்றைக்கொண்டு படித்தல் அரிது. வெண்பாவின் ஓசையும் விருத்தத்தின் நடையும் முன்னரே செவியிற் படிந்தவனே, இங்கு நிற்பது குறிலா நெடிலா, இச்சொல் எங்கே முடிகின்றது என்பதை உய்த்துணர வல்லவனாவான். எதுகையும் மோனையும் அழகுக்கென்றே அமைந்தன என்று இக்காலத்தார் கருதுவர். அவை மறதி என்னும் வெள்ளத்தைத் தடுக்கும் கரைகளாகவும் பயன்பட்டன. ஒரு பாட்டின் இறுதியே மறுபாட்டின் முதலாக வரும் அந்தாதித் தொடையும் அவ்வாறே நினைவுக்கு உறுதுணையாயிற்று.

இம்முறையின் ஒரு கூறு கடல் கடந்தும் சென்றது. ஆந்துரு பெல் என்னும் பாதிரியார் 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் அநாதாலயத்தின் மேற்பார்வையை ஏற்றார். நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதனை மேற்கொண்டார். மூத்த மாணாக்கரைக் கொண்டே இளைய மாணாக்கருக்குக் கற்பித்தலையும் நடைமுறைப்படுத்தினார். 1797இல் இலண்டனில் அதனைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மதராஸ் முறை' என்று பெயர்பெற்றுப் பல பள்ளிகளிற் பரவிற்று.

ஆயினும் பழமையை நினைந்து மகிழ்வார் அதன் குறையையும் மறைத்தலாகாது. சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த சர் தாமசு மன்றோ 1822இல் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் வழங்கிய அம்மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தமை அதனால் தெரியவந்தது. அன்றைய மக்கள்தொகையோ 1,28,50,941 என்று மன்றோவின் 1826ஆம் ஆண்டுக் குறிப்புக் கூறுகின்றது. மாணாக்கருட் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மக்களுக்குப் பெரும்பாலான திண்ணைகள் திறந்திருந்தன அல்ல. பொருள் விளங்காமலே நெட்டுருச் செய்தலும், பிரம்படிக்கு அஞ்சி ஒப்பித்தலும் அங்கு நிரம்ப இருந்தன. ஆகவே, அக்காலம் மீண்டும் வரவேண்டும் என்று யாம் கூறுகின்றிலேம். அக்காலத்திற் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பெற்றோரும் பாட்டுக்கு வெளியே நிற்கவில்லை என்பதை மட்டும் ஈண்டுக் குறிக்க விரும்புகின்றோம். எழுத்தறியாத நம் பாட்டியர் தாலாட்டும் கும்மியும் அம்மானையும் செவிவழியாகவே கற்றுத் தம் மக்கட்கு அளித்தனர். அல்லியரசாணி மாலை போன்ற கதைப் பாடல்கள் அச்சில் வந்தபின், பெரிய எழுத்துப் புத்தகத்தை ஒருவர் விளக்கடியில் இருந்து இசையோடு படிக்க, வீதி முழுதும் கூடியிருந்து கேட்டது.

இனி மாறுதல் நிகழ்ந்த காலத்திற்கு வருவோம். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, படிமுறையாக அமைந்த பாலபாடங்களை உரைநடையில் எழுதி அச்சிட்டார். பொருள் விளங்கப் படித்தல் வேண்டும் என்னும் நன்னோக்கத்தால் எழுந்த அம்முயற்சி தமிழுக்குப் பெருநலம் பயந்தது. பின்னர் 1854இல் கல்வி பற்றிய உட்டு என்பாரின் அறிக்கையும், 1857இல் சென்னைப் பல்கலைக்கழகமும் தோன்றின. பாடத்திட்டம், பாடநூல், தேர்வு, மதிப்பெண் என்னும் நான்கும் கல்வியின் தூண்களாயின. கணக்கும் அறிவியலும் வரலாறும் உரைநடையிற் புகுந்தன. அதுகாறும் எல்லாக் கல்விக்கும் கொள்கலமாக இருந்த செய்யுள், தமிழ்ப்பாடம் என்னும் ஒரு மூலையில் ஒதுக்கப்பட்டது. உயர்நிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆங்கிலமே ஆட்சி செலுத்திற்று. தமிழ்ப் பண்டிதருக்கோ பிற ஆசிரியரினும் குறைந்த ஊதியமும் குறைந்த மதிப்புமே கிடைத்தன. வகுப்பிற் செய்யுளைப் படிப்பதற்கு முன்னரே பதவுரையும் பொழிப்புரையும் எழுதுவிக்கும் வழக்கம் வேரூன்றிற்று.

இவ்விரு காலங்களுக்கும் இடையே பாலம்போல் நின்றவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) ஆவர். தமிழிற் சுவையை இளமையில் தமக்கு உண்டாக்கிய ஆசிரியராக அரியலூர்ச் சடகோபையங்காரை அவர் தம் சரித்திரத்தில் நன்றியுடன் போற்றுகின்றார். ஐயங்கார் தமிழோடு இசையிலும் வல்லவர். பின்னர், 1871இல் ஐயர் மாயூரஞ் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1815–1876) மாணாக்கராயினார். பிள்ளையவர்கள் பாடஞ் சொல்லுவதில் வரையாத வள்ளல். கிறித்தவராகிய சவரிராயலு நாயகரும், இசுலாமியராகிய நாகூர்க் குலாம் காதிர் நாவலரும் அவரிடம் பாடங் கேட்டோரே. சமயமும் குலமும் பாராது தமிழை வேண்டி வந்தார்க்கெல்லாம் அவர் அதனை வழங்கினார் என்பது நம்மனோர் நெஞ்சில் இருத்தற்குரியது.

இவ்விடத்தில் சுவையானதொரு நிகழ்ச்சி உண்டு. மாயூரத்தில் அக்காலத்து வாழ்ந்தவர் நந்தன் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார். ஐயர் தம் ஆசிரியருக்குத் தெரியாமல் அவரிடம் இசை பயின்றுவந்தார். இதனை அறிந்த பிள்ளையவர்கள், இசையில் மனம் பற்றினால் இலக்கண இலக்கியங்களில் ஊக்கம் குறையும் என்று கருதினார். ஆசிரியர் கருத்தை உணர்ந்து ஐயர் இசைப்பயிற்சியை விட்டுவிட்டார். ஓசையில் மயங்கிப் பொருளைக் கைவிடுவானோ என்பது ஆசிரியர் அச்சம். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. பொருள் நோக்காது இசை மட்டும் நோக்கின் செய்யுள் வெறும் பண்ணாய்விடும்.

ஆயினும் முன்பு கற்ற இசை வீண்போகவில்லை. 1880ஆம் ஆண்டில், தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் ஐயர் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் அவர் வகித்த பதவியை ஏற்றார். ஆங்கிலங் கற்கும் மாணாக்கர் தமிழ்ப் பண்டிதரை எளிதில் மதியாத காலம் அது. இருபத்தைந்து வயதே நிரம்பிய புதிய பண்டிதர் செய்யுளை இசையோடு படித்துக்காட்டிய பின்னரே பொருள் கூறத் தொடங்கினார். மாணாக்கர் அவர்பால் ஈடுபட்டனர். சடகோபையங்கார் ஊட்டிய செவிச்சுவையும், பிள்ளையவர்கள் ஊட்டிய பொருட்செறிவும் அவ்வகுப்பில் ஒன்றுகூடின. அவ்வாண்டிலேயே சேலம் இராமசாமி முதலியார் தூண்டுதலால் சிந்தாமணி ஆராய்ச்சியிற் புகுந்து, 1887இல் சீவகசிந்தாமணியையும், 1894இல் புறநானூற்றையும் அவர் அச்சிட்டு உதவினார். அப்பதிப்புக்களைத் தமிழுலகம் நன்கறியும். அவற்றை ஆக்கிய அதே கையினர் நாள்தோறும் ஒரு வகுப்பில் நின்று இளைஞர்க்குச் செய்யுளைப் பாடிக் காட்டினார் என்பதையோ நாம் மறந்துவிடுகின்றோம்.

இருபதாம் நூற்றாண்டிற் பாட்டைப் பள்ளிச் சிறார்க்கு அணித்தாக்கிய கவிஞர் சிலரும் ஆசிரியத் தொழில் செய்தவரே. சுப்பிரமணிய பாரதியார் 1904ஆம் ஆண்டு ஆகசுடு முதல் நவம்பர் வரை மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார். பின்னாளில் அவர் பாட்டுக்கள் நாடெங்கும் பரவியமைக்கு, கூட்டங்களிலும் ஊர்வலங்களிலும் மக்கள் அவற்றை வாய்விட்டுப் பாடியமையே பெருங்காரணம். 1928இல் சென்னை அரசாங்கம் அவருடைய தேசிய கீதங்கள் அடங்கிய நூற்படிகளைப் பறிமுதல் செய்தது. நூலைப் பறித்தார்க்கு மக்கள் நாவிலிருந்த பாட்டைப் பறித்தல் இயலவில்லை. செவிவழிப் புகுந்த செய்யுளின் ஆற்றலுக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? புதுவையில் பாரதிதாசனார் 1909 முதல் 1946 வரை தமிழாசிரியராகப் பணிபுரிந்தார்.

நாஞ்சில் நாட்டுத் தேரூரிற் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் (1876–1954) நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் ஆசிரியராக இருந்து 1931இல் ஓய்வு பெற்றவர். குழந்தைகளின் நாவுக்கு ஏற்ற எளிய சொற்களால், அவர்கள் நாள்தோறும் காணும் பசுவையும் கிளியையும் பாடி அளித்தார். 1938இல் வெளிவந்த 'மலரும் மாலையும்' என்னும் தொகுதி அவர் புகழை நிலைநாட்டிற்று. அவ்வழியில் வந்தவர் இராயவரத்து அழ. வள்ளியப்பா (1922–1989). வங்கியில் அலுவல் பார்த்துக்கொண்டே குழந்தைகட்கெனப் பல நூறு பாட்டுக்கள் இயற்றினார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற உழைத்தார். திண்ணைப் பள்ளிச் சிறுவன் முதியோர்க்குரிய நீதிகளைப் பொருளறியாது ஒப்பித்த குறையை இவ்விருவரும் தீர்த்தனர். பொருளும் ஓசையும் ஒருங்கே பிள்ளைக்கு எட்டும்படி செய்தமையே இவர்களது அரும்பணி.

பள்ளிக்கு வெளியே இப்பணி செய்தவர் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். அவர் வழக்கறிஞர், பண்டிதர் அல்லர். திருநெல்வேலியில் அவர் இல்லத்தில் அன்பர்கள் கூடிய 'வட்டத்தொட்டி'யில், ஒரு செய்யுளை எடுத்துக்கொண்டு நிறுத்தியும் திருப்பியும் பலமுறை படித்து, அதன் தாளமும் உணர்ச்சியும் கேட்போர் உள்ளத்திற் படியும் வரை அடுத்ததற்குச் செல்லாராம். கம்பர் பாடல்களுட் பலவற்றை இடைச்செருகல் என்று அவர் தள்ளியதைப் பண்டிதர் பலர் ஒப்பவில்லை, யாமும் ஒப்புகின்றிலேம். எனினும், செய்யுளைப் படிக்குமுறையை அவரிடம் பண்டிதரும் கற்றல் தகும்.

இவ்வரலாற்றை ஒருங்கு நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். பாட்டில் ஈடுபாடு என்பது ஒரு வாயிலிருந்து ஒரு செவிக்குச் செல்வது. சடகோபையங்காரிடமிருந்து சாமிநாதையருக்கும், அவரிடமிருந்து கும்பகோணத்து மாணாக்கர்க்கும் அஃது அவ்வாறே சென்றது. உரைநூல் பொருளைத் தரும், ஈடுபாட்டைத் தாராது. தானே ஒரு செய்யுளில் ஈடுபட்ட ஒருவர் அதனை வாய்விட்டுச் சொல்லக் கேட்டாலன்றி அந்தப் பொறி பற்றுவதில்லை.

இன்றைய பள்ளிகளின் நிலையென்ன? மனப்பாடச் செய்யுள் என்னும் பகுதி நம் தமிழ்ப் பாடநூல்களில் இன்றும் உள்ளது. 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்கள் அழகிய அச்சும் வண்ணப்படங்களும் உடையன. தமிழ்நாட்டரசு 2022இல் முதல் மூன்று வகுப்புக்களுக்கெனத் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பாடலும் ஆடலும் இடம்பெற்றுள்ளன. இவை பாராட்டத்தக்கன. ஆயின், மேல்வகுப்பிற்கு வந்தவுடன் பாட்டு வாயை விட்டு நீங்கித் தாளைச் சேர்கின்றது. "அடிபிறழாமல் எழுதுக" என்று வினாத்தாள் கேட்கின்றது. எழுத்துப்பிழை நேர்ந்தால் மதிப்பெண் குறைகின்றது. ஓசை பிழைத்ததா, உணர்ந்து கற்றானா என்பதைக் கேட்பதற்குப் பொதுத்தேர்வில் இடமில்லை.

யாம் பயிற்றிய வகுப்பொன்றில், எழுத்திற் பின்தங்கிய மாணாக்கன் ஒருவன் இருந்தான். எட்டடிப் பாட்டை எழுதப் பணித்தால் இரண்டடிக்குமேல் அவன் கை ஓடாது. அவ்விரண்டடியிலும் பிழைகள் மலிந்திருக்கும். ஒருநாள் புத்தகத்தை மூடச்செய்து, கலிப்பாவொன்றை ஓசைபட இருமுறை சொல்லி, மாணாக்கரைப் பின்சொல்லுமாறு கூறினோம். மூன்றாம் முறை சொல்ல யார் வருவீர் என்றபோது முதலில் எழுந்தவன் அவனே. தந்தை தெருக்கூத்தில் மத்தளம் வாசிப்பவர் என்று பின்னர் அறிந்தோம். வீட்டிற் செவி நிறையக் கேட்டுவளர்ந்த பிள்ளை அவன். பாட்டின் நடை அவனுக்கு முன்பே தெரியும், எழுத்துத்தான் தெரியாது. அவ்வாண்டுத் தேர்வில் அச்செய்யுளுக்கு அவன் பெற்ற மதிப்பெண் ஒன்று. அவனினும் பன்மடங்கு மதிப்பெண் பெற்றோர், விடைத்தாளை ஒப்படைத்த மறுவாரமே அச்செய்யுளை மறந்தனர். இவருள் பாட்டைக் கற்றவர் யாவர் என்பதை அன்பர்களே கூறுக.

மதிப்பெண் வேண்டாவென்று சொல்லும் துணிவு எமக்கில்லை. நம் பிள்ளைகள் மேற்படிப்புக்கும் அலுவலுக்கும் செல்லுதற்கு அதுவே வாயிலாக உள்ளது. ஏழைக் குடியிற் பிறந்த பிள்ளைக்கு வேறு வாயிலுமில்லை. மதிப்பெண்ணுக்கு முன்னே பாட்டு வரவேண்டும் என்பதே எம் வேண்டுகோள். ஒரு செய்யுளைத் தொடங்கும் முதல்நாள் புத்தகம் மூடியிருக்கட்டும். ஆசிரியர் அதனை வெண்பாவாயின் செப்பலோசை தோன்றவும், விருத்தமாயின் அதன் சந்தம் தோன்றவும் இருமுறை சொல்லுக. மாணாக்கர் பின்சொல்லுக. பொருள் பற்றிய ஐயம் அவர் வாயிலிருந்தே எழுக. அதன்பின் உரை வரலாம். எழுதுதல் இறுதியிலாகுக. இம்முறையால் வீணாகுங் காலம் ஒன்றுமில்லை. செவியில் நின்ற செய்யுளைக் கை பின்னர் எளிதில் எழுதுகின்றது என்பது எம் அனுபவம்.

பள்ளியின் கடன் இதுவாக, இல்லத்தின் கடன் ஒன்று உண்டு. திரைப்படப் பாட்டை ஒருமுறை கேட்ட அளவில் நம் பிள்ளைகள் ஒப்பிக்கின்றனர். அவர்க்கு நினைவாற்றல் இல்லை என்று குறைகூற இடமேது? அவர் செவிக்கு நாம் எதனைத் தருகின்றோம் என்பதே வினா. இரவு உணவின்பின் கால் நாழிகை கைப்பேசியை ஒருபுறம் வைத்துவிட்டு, பாட்டியாரோ தாயாரோ தமக்குத் தெரிந்த தாலாட்டு ஒன்றையேனும், நீதிப்பாட்டு ஒன்றையேனும் சொல்லுதல் வேண்டும். இளமையிற் கேட்ட பாட்டுக்களைத் தம்முடனே கொண்டுபோகும் முதியோர் நம் இல்லங்கள்தோறும் உள்ளனர். அவர் வாய் ஓய்ந்தபின் எந்த அச்சகத்தாலும் அவற்றை மீட்க இயலாது.

நம் சங்கத்தின் கடனும் ஒன்று உண்டு. ஆண்டுவிழாவில், பொதுத்தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற பிள்ளைகட்குப் பரிசில் வழங்கி வருகின்றோம். அது நற்செயலே. அவ்விழாவிலே செய்யுள் ஒப்புவித்தலுக்கும் ஒரு பரிசில் ஏற்படுத்துமாறு நிருவாகக் குழுவினரை வேண்டுகின்றோம். போட்டி எழுத்தில் நிகழாது வாய்மொழியாகவே நிகழ்க. பிழையின்மையை மட்டும் நோக்காது, பொருளுணர்ந்து சொல்லுந் திறத்தையும் நடுவர் நோக்குக. அப்போட்டி நம் குலத்துப் பிள்ளைகட்கு மட்டுமே உரியதென வரையறுக்காமல், ஊர்ப் பிள்ளைகள் அனைவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பதும் எம் விருப்பம். திண்ணைகள் சிலர்க்கு மட்டும் உரியவாயிருந்த காலம் போயிற்று. மகாவித்துவான் பிள்ளையவர்கள் எவர்க்கும் வரையாது வழங்கிய தமிழை நாம் வேலியிட்டுக் காத்தல் பொருந்தாது.

ஈதொரு பெருஞ்செலவு வேண்டுஞ் செயலன்று. கேட்பதற்குச் சில பெரியோரும், சொல்லுவதற்குச் சில சிறாரும் ஒருங்கு அமர்ந்தாற் போதும். வரும் ஆண்டுவிழாவிலேயே இதனைத் தொடங்குதற்கு அன்பர்கள் முன்வருவாராக. பிள்ளைகள் நாவில் தமிழ் நின்று நிலவுவதாக.